காய்ச்சல் மாற்றிய பாதை

கடந்த பருவ விடுமுறையில் முதுகுப்பையுடன் தனியாகக் கோத்தா பாரு செல்லப் புறப்பட்டேன். ஈப்போவிலேயே கடுமையான காய்ச்சல். பாதியில் வீடு திரும்பியது பெரிய தோல்வியாகத் தோன்றியது. படுத்திருந்த நாள்களில்தான் ஜான் மியூரின் வாழ்க்கையைப் படித்தேன்.

1838இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மியூர், சிறுவயதில் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடியேறினார். 1867இல் தொழிற்சாலையில் வேலை செய்தபோது கண்ணில் காயம்பட்டு, பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியதும், இனி இயற்கையைப் பார்ப்பதே தம் வாழ்க்கை என்று முடிவெடுத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து புளோரிடா கடற்கரைவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தனியாக நடந்தார். அங்கிருந்து கப்பலேறி அமேசான் காட்டுக்குப் போவது அவர் திட்டம். ஆனால் சீடார் கீ என்ற ஊரில் மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. ஓரளவு தேறிக் கியூபாவரை சென்றும் உடல் ஒத்துழைக்கவில்லை; தென்னமெரிக்காவுக்குக் கப்பலும் கிடைக்கவில்லை. அதனால் திட்டத்தை மாற்றிக் கலிபோர்னியாவுக்குச் சென்றார்.

1868இல் அங்கே அவர் கண்டது யோசமிட்டி பள்ளத்தாக்கு. அதைக் காக்க அவர் எழுதிய கட்டுரைகள், 1890இல் அதைச் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படத் துணைநின்றன. 1892இல் சியரா கிளப் தொடங்கியபோது அவரே அதன் முதல் தலைவர்.

அமேசானையும் அவர் மறக்கவில்லை. 1911இல், 73 வயதில், அங்கே சென்று பார்த்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் மறைந்தார்.

நண்பர்களே, என் பயணத் திட்டமும் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. தேதியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.