துறைமுகக் குமாஸ்தா போட்ட கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். அவர் போட்ட கணக்கு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் பெரிய கம்ப்யூட்டர்களை இணைப்பது பற்றிய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது. அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

வறுமை

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர்.

ராமானுஜன் கணக்கில் புலி. ஆனால், மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. கல்லூரித் தேர்வில் தோற்றார். பட்டம் இல்லாததால் வேலை கிடைக்காமல் அலைந்தார். 1909-ல் ஜானகியை மணந்தார். குடும்பப் பொறுப்பும் சேர்ந்தது.

துறைமுக வேலை

1912 மார்ச் 1-ந்தேதி துறைமுகக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். ராயபுரத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார். தாளுக்குப் பஞ்சம். சரக்கு சுற்றி வந்த காகிதத்திலும் கணக்குப் போட்டார்.

அவருடைய திறமையை உணர்ந்தவர்கள் இருவர். ஒருவர், அவருக்கு மேலதிகாரியான நாராயண ஐயர். மற்றவர், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரை. இருவரும் அவரை ஆதரித்தனர். 1914 மார்ச் 17-ந்தேதி ராமானுஜன் சென்னையில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

1916-ல் எண்களைப் பற்றி ஓர் ஊகத்தை வெளியிட்டார். உண்மை என்று அவருக்குத் தோன்றியது, நிரூபிக்க முடியவில்லை. நோயுடன் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந்தேதி, 32 வயதில், சென்னையில் காலமானார். 1974-ல் பெல்ஜியம் நாட்டு அறிஞர் தெலீன் அந்த ஊகம் சரி என்று நிரூபித்தார்.

கிடங்கும் நெரிசலும்

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய கம்ப்யூட்டரில் பல செயலிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சரக்கு, அதாவது தகவல், நினைவகம் என்ற கிடங்கில் இருக்கிறது. எல்லாச் செயலிகளும் ஒரே கிடங்கை நாடினால், துறைமுக வாசலில் லாரிகள் நிற்பதுபோல வரிசையில் காத்திருக்க வேண்டும். செயலிகளைக் கூட்டினாலும் வேகம் கூடாது.

எனவே ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்திலேயே ஒரு கிடங்கு வைத்தார்கள். கொள்ளளவு பெருகியது. பக்கத்துச் சரக்கு விரைவில் கிடைத்தது. ஆனால், வேறொரு செயலியின் கிடங்கில் உள்ள சரக்கு வந்து சேரத் தாமதமாகும்.

எல்லாக் கிடங்குகளுக்கும் இடையே நேர்ச்சாலை போடலாமா? 1,000 கிடங்குகள் என்றால் 4,99,500 சாலைகள் வேண்டும்! சாலைகளும் குறைவாக இருக்க வேண்டும், சுற்றுவழியும் கூடாது. அதற்கு ஏற்ற வலை எது?

அவர் பெயரில் ஒரு வலை

ராமானுஜன் ஊகத்தின் வழியே வளர்ந்த கணக்கைக் கொண்டு லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் என்ற மூன்று அறிஞர்கள் 1988-ல் அப்படிப்பட்ட வலைகளை அமைத்துக் காட்டினர். அவற்றுக்கு ராமானுஜன் பெயரையே வைத்தனர். அந்த வலைகளால் பெருங்கம்ப்யூட்டர்களை இணைக்கும் திட்டங்களைப் பொறியாளர்கள் ஆராய்ந்துள்ளனர்.

ராமானுஜன் கம்ப்யூட்டரைக் கண்டதில்லை. தேர்வில் தோற்ற அந்த இளைஞருக்குத் துறைமுகம் அன்று சோறு போட்டது. அந்த உதவியின் பயனை இன்று உலகம் அனுபவிக்கிறது.