ராடு வண்டி செய்த கால்மான் காண்டோ

இந்தத் தடவை அறிஞர் வரலாறு எழுதும் முறை எனக்கு. எடிசனை எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் அவர் போன வருஷமே வந்துவிட்டார். அதனால் நம்ம பூதலூர் ஸ்டேஷனுக்குச் சம்பந்தமுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பூதலூரைப் பார்த்ததே இல்லை!

கால்மான் காண்டோ 1869 ஜூலை 10-ல் ஹங்கேரி நாட்டில் பெஸ்ட் நகரில் பிறந்தார். 1892-ல் இன்ஜினீயரிங் முடித்து, கொஞ்ச நாள் பிரான்சில் வேலை பார்த்தார். பிறகு புடாபெஸ்டில் இருந்த கான்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது ரயில் என்றாலே கரி, தண்ணீர், புகைதான். காண்டோ இத்தாலியில் வால்டெல்லினா மலைப்பாதையில் 106 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, 3,000 வோல்ட்டில் 1902-ல் ரயிலை ஓட்டிக் காட்டினார்.

அடுத்து இத்தாலிக்கே போய் இன்ஜின் செய்தார். 1914-ல் வந்த ஈ330 எக்ஸ்பிரஸ் இன்ஜின் மணிக்கு 100 கிலோமீட்டர் போனது. அதைப் படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். மேலே கரண்டு கம்பி, கீழே கரி இன்ஜின் மாதிரி ராடு! காரணம் இருக்கிறது. அந்தக் கால மோட்டார் ரொம்பப் பெரியது, சக்கரங்களுக்கு நடுவில் அடங்காது. அதனால் மோட்டாரை மேலே பெட்டிக்குள் வைத்து, கிராங்கும் ராடும் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். நம்ம நாட்டிலும் 1928 முதல் பம்பாய் பக்கம் மலையேறிய கூட்ஸ் இன்ஜினுக்கு ராடு உண்டு. அதற்கு அங்கே 'கேக்டா' என்று பெயர், அதாவது நண்டு. (நம்ம வயல் நண்டு இல்லை!)

1915-ல் இத்தாலி எதிர் அணியில் யுத்தத்தில் இறங்கியது. வேலை செய்த நாடே எதிரி நாடாகிவிட்டது. காண்டோ ஊர் திரும்பினார்.

இத்தாலியில் அவருக்கு இரண்டு குறை இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பி வேண்டும். ரயிலுக்கென்றே தனி வகைக் கரண்டும் வேண்டும். வீட்டில் பல்பு எரிகிற அதே 50 சைக்கிள் கரண்டை ஒரே கம்பியில் அனுப்பி, இன்ஜினுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் என்ன என்று யோசித்தார். 1923-ல் ஒரு இன்ஜின் செய்து சோதித்தார். அதில் வந்த கோளாறுகளைச் சரிசெய்யவே வருஷங்கள் ஓடின. பிறகுதான் வி40 எக்ஸ்பிரஸ் இன்ஜின். ஒரே ஒரு பெரிய மோட்டார், 16,000 வோல்ட், அதிலும் ராடுதான். அது 1932-ல் தண்டவாளம் ஏறியது.

காண்டோ பார்க்கவில்லை. 1931 ஜனவரி 13-ல் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 61. இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ராடு பிறகு ஒழிந்துபோனது. மோட்டார் சின்னதாகி, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. ஆனால் 50 சைக்கிள் நின்றது. இந்திய ரயில்வேயும் 1957-ல் அதையே, 25,000 வோல்ட்டில், தேர்ந்தெடுத்தது. நம்ம ஸ்டேஷன் கம்பியிலும் அதுதான். வாப்-7 இன்ஜினும் அதை உள்ளே வாங்கி மாற்றித்தான் ஆறு மோட்டாருக்கு அனுப்புகிறது.

பிளாட்பாரத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு தண்டவாளத்துக்கு மேல் இரண்டு கம்பி தெரிந்தது! குழம்பிப்போய் அறிவியல் சாரிடம் கேட்டேன். மேலே இருப்பது கீழே உள்ளதைத் தாங்குகிற கம்பியாம். இரண்டும் இணைந்தேதான் தொங்குகிறது, கரண்டு ஒன்றுதான். ஆனால் யாரும் கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு