பிறர் கையில் பழுத்த கனவு: அமெரிக்கக் கடிகாரத் தொழிலின் தந்தை ஏரன் டென்னிசன்

மோட்டார் சைக்கிளில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால் கடைக்குப் போய் அதே பாகத்தை வாங்கிப் பொருத்திவிடலாம். பொருந்துமா பொருந்தாதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிகாரங்களின் கதையே வேறு. ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் பொருந்தாது. ஒரு சிறு பாகம் உடைந்தாலும், பழுது பார்ப்பவர் அந்தக் கடிகாரத்திற்கென்றே புதிதாக ஒன்றை அராவிச் செய்ய வேண்டும். கூலியும் அதிகம், நாளும் அதிகம். பாக்கெட் கடிகாரம் வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது.

அந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஏரன் லஃப்கின் டென்னிசன். அவர் கனவு பலித்தது. ஆனால், அதன் பலனை அனுபவித்தவர்கள் வேறு பலர்.

காலணித் தொழிலாளியின் மகன்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஃபிரீபோர்ட்டில் 1812 மார்ச் 6ஆம் தேதி டென்னிசன் பிறந்தார். தந்தை ஆண்ட்ரூ காலணி தைத்துப் பிழைத்தவர். மகனுக்கோ இயந்திரங்களில்தான் ஆசை. 18 வயதில் பிரன்ஸ்விக் நகரில் ஒரு கடிகாரக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1833இல் பாஸ்டனுக்குப் போய், அங்குள்ள கடைகளில் பழுது பார்க்கும் வேலை செய்தார்.

அவர் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் செய்யப்பட்டவை. பெயர் பெற்றவர்கள் கையால் செய்த கடிகாரங்களிலும் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பதை நாள்தோறும் கண்டார். அப்போது ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் துப்பாக்கிப் பாகங்களை இயந்திரங்கள் ஒரே அளவில் செய்து தள்ளின. ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றிலும் பொருந்தியது. துப்பாக்கிக்கு முடிந்தது கடிகாரத்திற்கு ஏன் முடியாது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

தலைமயிர் பருமனே உள்ள பாகங்களை இயந்திரம் செய்யும் என்றபோது பலர் சிரித்தனர். பாஸ்டன் பைத்தியம் என்றுகூட அவருக்குப் பெயர் வைத்தனர்.

இதற்கிடையே 1844இல், நகைக் கடைகளுக்கான அட்டைப் பெட்டித் தொழிலைத் தந்தையோடு சேர்ந்து தொடங்கினார். அது நன்றாக நடந்தபோதும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடிகாரத்தின் பின்னால் போனார். அந்தப் பெட்டித் தொழில்தான் பின்னாளில் பெரிய நிறுவனமாகி, ஏவரி டென்னிசன் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

முதல் தொழிற்சாலை

சுவர்க் கடிகாரத் தொழிலில் பெயர் பெற்ற எட்வர்ட் ஹாவர்ட், டேவிட் டேவிஸ் ஆகியோர் டென்னிசனோடு கைகோத்தனர். சாமுவேல் கர்ட்டிஸ் என்பவர் 20,000 டாலர் முதல் போட்டார். 1850இல் பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் தொழிற்சாலை எழுந்தது.

கடிகாரம் செய்வதற்கு முன், அதைச் செய்யும் இயந்திரங்களைச் செய்ய வேண்டியிருந்தது. முகப்பு செய்யவும் தங்க முலாம் பூசவும் தெரிந்த ஆட்கள் அங்கே அரிது. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும்படி அமைத்த முதல் கடிகாரங்கள் நேரம் தவறின. அந்த அமைப்பைக் கைவிட்டு, நாள்தோறும் சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கு மாறினர். பாகங்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்ற கனவும் உடனே முழுமையாகக் கைகூடவில்லை. கைவேலை இன்னும் தேவைப்பட்டது.

1854இல் தொழிற்சாலை சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ள வால்தமுக்கு மாறியது. கடன் ஏறிக்கொண்டே போனது. 1857இல் நிறுவனம் திவாலாகி ஏலத்திற்கு வந்தது. ராயல் ராபின்ஸ் என்ற நியூயார்க் கடிகார வணிகரும் அவருடைய கூட்டாளிகளும் அதை வாங்கினர். தாம் தோற்றுவித்த இடத்திலேயே டென்னிசன் மேற்பார்வையாளராகச் சம்பளத்திற்கு வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் அந்த வேலையும் போனது.

உள்நாட்டுப் போர் மூண்டதும் போர்வீரர்கள் மலிவான கடிகாரம் தேடினர். வால்தம் தொழிற்சாலை நிமிர்ந்தது. அப்போது அங்கே டென்னிசன் இல்லை.

மீண்டும் ஒரு முயற்சி

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1864இல் பாஸ்டனில் டிரெமாண்ட் கடிகார நிறுவனத்தைத் தொடங்கினார். கூலி குறைவாக இருந்த சுவிட்சர்லாந்தில் நுண்ணிய சக்கரங்களைச் செய்து, மற்றவற்றை அமெரிக்காவில் செய்து சேர்ப்பது அவர் திட்டம். அதற்காக சூரிக் நகருக்கே போய்த் தங்கினார். 1866இல் கூட்டாளிகள் மெல்ரோஸுக்கு இடம் மாறி, எல்லாவற்றையும் அங்கேயே செய்ய முடிவெடுத்தனர். உடன்படாத டென்னிசன் விலகினார். இரண்டே ஆண்டுகளில் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குடியேறி, 60 வயதைக் கடந்த நிலையில் கடிகாரக் கூடுகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதுதான் கடைசியில் அவருக்கு நிலைத்தது. 1876இல் ஃபிலடெல்ஃபியா உலகக் கண்காட்சியில் வால்தம் இயந்திரங்களைப் பார்த்த சுவிஸ் வல்லுநர்கள் திகைத்து, தங்கள் நாட்டுத் தொழிலை மாற்ற வேண்டும் என்று ஊர் திரும்பி எச்சரித்தனர். அதற்கெல்லாம் விதை போட்டவர் பர்மிங்ஹாமில் கூடு செய்துகொண்டிருந்தார். 1895 ஜனவரி 9ஆம் தேதி, 82 வயதில் அங்கேயே காலமானார்.

மூடிக்குள் இருக்கும் பெயர்

வால்தம் நிறுவனம் 1957 வரை கடிகாரம் செய்தது. அதன் பழைய பாக்கெட் கடிகாரங்களை இன்று பல நாடுகளில் சேகரிக்கிறார்கள். சேகரிப்பவர்கள் முகப்போடு நிற்பதில்லை. பின்மூடியைத் திறந்து, மூவ்மெண்ட் எனப்படும் உள் இயந்திரத்தை நெருக்கமாகப் படம் பிடிக்கிறார்கள். அதில் பொறித்த எண்ணைக் கொண்டு எந்த ஆண்டில் செய்தது என்றே சொல்லிவிடலாம்.

தங்கத்தின் விலை ஏறிய காலங்களில் எத்தனையோ தங்கக் கூடுகள் உருக்கப்பட்டன. கூடு போன பின், உள் இயந்திரம் மட்டும் தனியாகக் கிடந்தது. அப்படிக் கிடைக்கும் மிகப் பழைய சில இயந்திரங்களின் பித்தளைத் தகட்டில் மூன்று பெயர்கள் பொறித்திருக்கும்: டென்னிசன், ஹாவர்ட், டேவிஸ்.

தொழிற்சாலை கைமாறியது, பணம் பிறர் பைக்குப் போனது. முதலில் நின்ற அந்தப் பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. சாவி கொடுத்தால், அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன.