காந்திஜி கழற்றிய குல்லாய்

காலை 11 மணிக்கு மேல் சர்ச்கேட் ஸ்டேஷனில் நின்றால், சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கிய பலகையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடும் டப்பாவாலாக்களைப் பார்க்கலாம். பலகைக்குக் கீழே வெள்ளைக் குல்லாய். அரசியல்வாதிகள் பலரின் தலையில் இருந்து அந்தக் குல்லாய் எப்போதோ இறங்கிவிட்டது. 2011–ம் ஆண்டு டெல்லி ராம்லீலா மைதானத்தில் அன்னா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோது, எழுத்து அச்சடித்த அதே குல்லாயை வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். குல்லாய்க்கு மறுபடியும் காலம் வந்துவிட்டதா என்று பேச்சு கிளம்பியது.

அதற்குப் பெயர் காந்தி குல்லாய். ஆனால் காந்திஜி அதை அணிந்தது கொஞ்ச காலம்தான். அதைக் கழற்றி வைத்த இடம் நம் மதுரை.

19 ஷில்லிங் தொப்பி

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869–ம் ஆண்டு அக்டோபர் 2–ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். கத்தியவாரில் கவுரவமான குடும்பத்து ஆண்கள் தலைப்பாகை இல்லாமல் வெளியே போவதில்லை. தந்தை சமஸ்தானத்துத் திவான்.

1888–ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். பம்பாயில் தைத்த உடைகள் அங்கே எடுபடாது என்று நினைத்து புது உடைகள் வாங்கினார். புகைபோக்கி மாதிரி உயர்ந்து நிற்கும் தொப்பி ஒன்றையும் வாங்கினார். அதன் விலை 19 ஷில்லிங். ஒரு பவுனுக்கு ஒரு ஷில்லிங்தான் குறைவு! தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டினார். நடனம், வயலின் எல்லாம் கற்கப் பார்த்தார். இந்த மோகம் மூன்று மாதம் ஓடியது. பிறகு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு செலவைக் குறைக்க உட்கார்ந்துவிட்டார்.

கோர்ட்டில் தலைப்பாகை

1893–ல் ஒரு வழக்குக்காகத் தென்ஆப்பிரிக்கா சென்றார். டர்பனில் இறங்கிய இரண்டு மூன்று நாளில், அவரை வரவழைத்த வியாபாரி தாதா அப்துல்லா கோர்ட்டைக் காட்ட அழைத்துப் போனார். மேலே கோட்டு, தலையில் வங்காளிகள் கட்டுவது போன்ற தலைப்பாகை. மாஜிஸ்திரேட் அவரை உற்றுப் பார்த்தார். தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். காந்திஜி மறுத்து வெளியே வந்துவிட்டார்.

அன்றே அவருக்கு ஒரு சபலமும் தட்டியது. பேசாமல் ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொண்டால் தொல்லை இல்லையே என்று எண்ணினார். அப்துல்லா தடுத்தார். ஆங்கிலத் தொப்பி போட்டால் ஓட்டல் சர்வர் என்றே நினைப்பார்கள், தலைப்பாகைதான் லட்சணம் என்றார். காந்திஜி பத்திரிகைக்கு எழுதினார். வாதப்பிரதிவாதம் நடந்தது. வந்த சில நாளில் ஊருக்கே அவர் பெயர் தெரிந்துவிட்டது.

மறுவருடம் அதே நேட்டாலில் அவர் வக்கீலாகப் பதிவு செய்தபோது, தலைமை நீதிபதி தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை எடுத்துவிட்டார். அப்துல்லாவுக்கும் நண்பர்களுக்கும் வருத்தம். ஆனால் காந்திஜியின் கணக்கு வேறு. பெரிய சண்டைகள் காத்திருக்க, தலைப்பாகைக்காக வலிமையைச் செலவழிக்க அவர் விரும்பவில்லை.

பாலசுந்தரம் வந்தார்

வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் ஒரு தமிழர் அலுவலகத்துக்குள் வந்து நின்றார். கிழிந்த துணி. முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். முண்டாசு கையில் இருந்தது. உடம்பு நடுங்கியது. பெயர் பாலசுந்தரம். டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலி. எஜமானர் அடித்த அடி அது. காந்திஜியின் குமாஸ்தா ஒரு தமிழர். அவர்தான் விஷயத்தை எடுத்துச் சொன்னார்.

காந்திஜி அவரை டாக்டரிடம் அனுப்பி சர்டிபிகேட் வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். எஜமானருக்குச் சம்மன் போயிற்று. ஒப்பந்தத்தை விட்டு ஓடினால் கூலிக்கு ஜெயில் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் தண்டனை வாங்கித் தருவதைவிட ஆளை விடுவிப்பதே முக்கியம் என்று காந்திஜி கருதினார். பாலசுந்தரம் வேறொரு எஜமானருக்கு மாற்றப்பட்டார்.

வழக்கைவிட அந்த முண்டாசுதான் காந்திஜியின் மனதைத் தைத்தது. தொப்பியோ, தலைப்பாகையோ, தலையில் சுற்றிய துண்டோ, வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் இந்தியர் எடுத்துவிட வேண்டும். இரண்டு கையாலும் கும்பிட்டால்கூடப் போதாது. நம் ஊரிலும் பெரிய மனிதர் எதிரே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்ன காலம் உண்டே, அந்தக் கதைதான். வக்கீல் முன்பும் அப்படித்தான் நிற்கவேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார். காந்திஜி முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டினார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

இந்தச் செய்தி கூலிகள் எல்லோரிடமும் பரவியது. சென்னை வரை எட்டியது. 1896–ல் காந்திஜி சென்னைக்கு வந்தபோது கூட்டத்தில் கண்ட உற்சாகத்துக்கு பாலசுந்தரம்தான் காரணம் என்று அவரே பிற்பாடு எழுதினார்.

தட்டின் மேல் முண்டாசு

1897 ஜனவரியில் காந்திஜி மறுபடி டர்பனில் இறங்கியபோது வெள்ளையர் கும்பல் கல்லும் அழுகிய முட்டையும் வீசியது. ஒருவன் தலைப்பாகையைப் பறித்தான். மற்றவர்கள் உதைத்தார்கள். போலீஸ் சூப்பிரண்டின் மனைவி தன் குடையை விரித்துக் குறுக்கே நின்றதால் பிழைத்தார். இரவில் அவர் தங்கிய வீட்டைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சூப்பிரண்டு வாசலில் நின்று பாட்டுப் பாடிக் கும்பலுக்கு வேடிக்கை காட்ட, காந்திஜி இந்தியக் கான்ஸ்டபிள் வேஷத்தில் வெளியேறினார். இரும்புத் தொப்பிக்குப் பதில் ஒரு தட்டைத் தலையில் வைத்து, அதன் மேல் சென்னைத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். எந்தத் தறியில் நெய்ததோ, ஓர் உயிரைக் காப்பாற்றியது.

மதுரையில்

1915 ஜனவரியில் தாய்நாடு திரும்பினார். அப்போது கத்தியவார் தலைப்பாகை கட்டியிருந்தார். அதற்கு எத்தனை கஜம் துணி! ஏழை நாட்டுக்கு அது கட்டுபடியாகாது என்று தோன்றியது. பல மாகாணத்துத் தொப்பிகளை ஆராய்ந்து, மடித்துப் பையில் வைக்கக்கூடிய காஷ்மீரத் தொப்பியின் மாதிரியைப் பிடித்தார். கம்பளிக்குப் பதில் கதர். நிறம் வெள்ளை. அழுக்கு உடனே தெரியும், அதனால் துவைத்தே ஆகவேண்டும் என்பது அவர் வாதம்.

1920, 21–ல் ஒத்துழையாமை இயக்கத்தில் அந்தக் குல்லாய் நாடெங்கும் பரவியது. சில இடங்களில் அதிகாரிகள் தடை போட்டார்கள். மாதச் சம்பளக் குமாஸ்தா ஒருவர் அதை அணிந்து ஆபீசுக்குப் போவது வேலையைப் பணயம் வைப்பதாக இருந்தது.

1921 செப்டம்பரில் சென்னையில் இருந்து மதுரைக்கு ரெயிலில் போனார். வண்டியில் பலர் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் கட்டச் சொன்னார். கதர் வாங்கக் காசில்லை என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் உடம்பில் சட்டை, தலையில் குல்லாய், இடுப்பில் முழு வேட்டி. எதிரே இருந்தவர்களோ ஏழைகள். பதில் சொல்ல முடியவில்லை. மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் 22–ந் தேதி முழத்துண்டுக்கு மாறினார். குல்லாயும் போயிற்று. அக்டோபர் கடைசி வரை என்றுதான் முதலில் அறிவித்தார். அதன் பிறகு சட்டையும் குல்லாயும் அவர் உடம்பில் ஏறவே இல்லை. ஊரெல்லாம் குல்லாய் போட, பெயருக்கு உரியவர் வெறும் தலையுடன் நடந்தார்.

1931–ல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனார். 19 ஷில்லிங் தொப்பி வாங்கிய அதே ஊரில், பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முழத்துண்டும் சால்வையுமாகப் போய் மன்னரைச் சந்தித்தார்.

1946 கடைசியில் கலவரம் நடந்த நவகாளிக்குப் போனபோது அவர் தலையில் மறுபடி ஒன்று ஏறியது. வயலில் வேலை செய்பவர்கள் வெயிலுக்குப் போடும் அகலமான தொப்பி அது. 77 வயதில், கையில் கம்புடன் அதைப் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. 1948 ஜனவரி 30–ந் தேதி மாலை டெல்லியில் பிரார்த்தனைக்கு நடந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை.