நுங்கம்பாக்கத்தில் கிரகம் கண்ட போக்சன்

இராயபுரம் ரயில் நிலையத்தை அறியாதவர் நம்மில் எவருமில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ம் ஆண்டு அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்நாளைய ரயில்கள் எந்தக் கடிகாரத்தை நம்பி ஓடின என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரமே சென்னை நேரம் எனப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலும் ரயில்கள் அதன்படி ஓடின. 1906 முதல் நாம் கொண்டுள்ள இந்திய நேரம் அதைவிடச் சுமார் 9 நிமிஷம் முந்தியது. அந்த நிலையத்தில் 30 ஆண்டு பாடுபட்ட நார்மன் ராபர்ட் போக்சன் என்பவரின் சரித்திரத்தை இவ்வாரம் கேளுங்கள்.

போக்சன் 1829-ம் ஆண்டு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். தகப்பனார் காலுறை வியாபாரம் செய்தவர். மகனும் அதற்கே வருவான் என்று எதிர்பார்த்தார். பையனின் மனமோ கணக்கிலும் வானத்திலும் இருந்தது. 18 வயதிலேயே இரண்டு வால் நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டார். பின்பு ஆக்ஸ்போர்டில் வேலைக்கு அமர்ந்து, 1856-ல் ஐஸிஸ் என்னும் சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய மூத்த மகளின் பெயரிலும் ஐஸிஸ் உண்டு. நட்சத்திரங்களின் ஒளியை அளக்க அதே ஆண்டு அவர் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது.

சிறு கிரகம் என்பது என்ன? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிவரும் பாறைக் கூட்டத்தில் ஒன்று. பார்வைக்கு அது நட்சத்திரம் போலவே இருக்கும். ஆனால் நட்சத்திரங்களின் நடுவே இரவுக்கு இரவு சிறிது நகர்ந்திருக்கும். ஆகவே அதைத் தேடுகிறவர் வானத்தின் ஒரு துண்டுக்குப் படம் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் சலிக்காமல் ஒப்பிட வேண்டும்.

அது ஏன் சுற்றுகிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், திருநாளில் ஓடும் சங்கிலி ராட்டினத்தைக் காட்டுங்கள். ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது நாற்காலி நேராக வெளியே ஓடப் பார்க்கிறது. சங்கிலி அதை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தே வட்டமாகிறது. கிரகத்துக்குச் சங்கிலி சூரியனின் ஈர்ப்புச் சக்தி. தூரம் இரண்டு மடங்கானால் அச்சக்தி நான்கில் ஒன்றாகும் என்று நியூட்டன் 1687-ல் எழுதிவைத்தார். இந்த விதியைக் கொண்டு, ஒரு கிரகம் மூன்று இரவுகளில் நின்ற இடத்தைச் சரியாக அளந்தால், அதன் பாதை முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். இரண்டு இரவு மட்டும் கண்டால் போதாது. இதை மனத்தில் வையுங்கள்.

1861-ல் போக்சன் அரசாங்க வானநூலாராகச் சென்னை வந்து சேர்ந்தார். சில மாதங்களுக்குள், ஏப்ரல் 17-ந் தேதி, ஒரு சிறு கிரகம் அகப்பட்டது. ஆசியக் கண்டத்தில் கண்டபடியால் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். 1864-ல் சாப்போ, 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா என மேலும் நான்கு கிரகங்கள் நம் நகரத்து வானத்தில் அவர் கண்ணுக்குப் பட்டன.

இனி 1872-ம் ஆண்டுக்கு வாருங்கள். பீலா என்னும் வால் நட்சத்திரம் 1846-ல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற்போயிருந்தது. 1872 நவம்பர் 27-ந் தேதி இரவு ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. பீலாவின் துகள்களே பூமியின்மேல் விழுகின்றன என்று ஜெர்மனியிலிருந்த கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானநூலார் யூகித்தார். அப்படியானால், பூமியை உரசிப்போன அது தென்திசை வானத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. யாரைக் கேட்பது? சென்னையிலுள்ள போக்சனுக்குத் தந்தி பறந்தது.

நம் ஊர் மழைக்காலத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மேகம் மூடிக் கிடந்தது. டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் வானம் சற்றே திறந்தது. சொன்ன இடத்தருகே ஒரு வால் நட்சத்திரம் நின்றது! மறுநாள் விடியலிலும் கண்டார்; அதன் வாலும் தெரிந்தது. அதன்பின் மேகம் மூடிக்கொண்டது. மூன்றாவது அளவு கிடைக்கவேயில்லை. இரண்டு அளவுகளால் பாதையைத் தீர்மானிக்க முடியாமற்போயிற்று. அது பீலாவாக இருக்க முடியாது, தற்செயலாக அங்கே வந்த வேறொன்று என்பதே பின்னாளைய கணக்குகள் காட்டிய முடிவு. போக்சன் தாம் கண்டதை மட்டும் எழுதினார். காணாத மூன்றாம் அளவைக் கற்பனையால் நிரப்பவில்லை.

அவர் தனியாக உழைத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். உதவியாளர் ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே சென்றபோது, நம் நாட்டு மக்கள் அறிந்துகொள்ளச் சிறு நூல் எழுதினார். 1880-ல் அவர் காலமானது நிலையத்துக்குப் பெரிய நஷ்டம். மகள் ஐஸிஸ் 1873 முதல் சுமார் 25 ஆண்டு அங்கே வேலை பார்த்தாள். லண்டன் ராஜரீக வானநூற் கழகத்தில் அவளைச் சேர்க்கும்படி 1886-ல் மனுச் செய்யப்பட்டது. பெண் என்பதால் இடமில்லை என்றார்கள். 1920-ல்தான் அந்தக் கதவு அவளுக்குத் திறந்தது.

போக்சன் 1891 ஜூன் மாதம் சென்னையிலேயே இறந்தார். ஆட்கள் போதாமையால் அவருடைய அளவுகளில் பெரும்பகுதி அச்சேறாமல் குவிந்து கிடந்தது. பின்வந்த மிச்சி ஸ்மித் அவற்றை வெளியிட்டு முடித்தார். 1899-ல் வானாராய்ச்சி கொடைக்கானலுக்குப் போயிற்று. நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில், தமிழ் எழுத்தும் பொறித்த பழைய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது.

சரித்திரம் அத்தோடு முடியவில்லை. போக்சன் கண்ட சில்வியாவுக்கு ஒரு சந்திரன் உண்டென்று 2001-ல் தெரிந்தது. 2005-ல் இன்னொரு சந்திரனும் அறிவிக்கப்பட்டது. இரண்டு சந்திரன்களை உடையதாக அறியப்பட்ட முதல் சிறு கிரகம் அதுவே. ராட்டினத்தை மறுபடி நினையுங்கள்: நாற்காலி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால் சங்கிலியின் இழுப்பு தெரிந்துவிடும். அதுபோல் பெரிய சந்திரன் சுமார் 1,360 கிலோமீட்டர் தூரத்தில் மூன்றரை நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் சுற்றுவதை வைத்து, சில்வியாவின் எடையைக் கணக்கிட்டார்கள். அது தண்ணீரைவிடச் சற்றே கனம். உள்ளே வெற்றிடங்கள் நிறைந்த கற்குவியல் என்றே கருதுகிறார்கள். கமில்லாவுக்கும் இரண்டு சந்திரன்கள் உண்டென்று பிற்பாடு தெரிந்தது.

நுங்கம்பாக்கத்தில் ஒரு மனிதர் கண்விழித்துக் குறித்த சிறு புள்ளி, 135 ஆண்டுக்குப்பின் இத்தனையும் சொல்லிற்று. அவர் அதைக் காணவில்லை. ஆனால் அன்றன்று அளந்ததைப் பிழையின்றி எழுதிவைத்தார். பெற்றோரே, உங்கள் பிள்ளை இராப்பள்ளியில் படித்தாலும் பட்டறையில் அளவெடுத்தாலும், இதைச் சொல்லிக்கொடுங்கள்: இன்றைய அளவைச் சரியாக எடுத்து வை, அதன் பயனை நாளை வருகிறவன் அறிவான்.