கரிய நீரும் ஓடும் நீரும்

மருத்துவம் கற்றவர் நாடி பார்க்கட்டும். கவிதை எழுத மொழி கற்றவர்கள் இருக்கிறார்கள் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. விஞ்ஞான மாணவர்களாகிய நாமும் அதை ஒப்புக்கொண்டு சோதனைச்சாலையோடு நின்றுவிடுகிறோம். நண்பர்களே, அவ்வெண்ணம் பொய் என்று காட்டிய ஒருவர் நாம் வாழும் இந்த ஊரிலேயே வாழ்ந்தார், இங்கேயே மாண்டார். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இவ்வூரில் அவர் பெயரைத் தாங்கிய குருத்துவாரத்தைக் காணாதவர் இரார். அவர்தாம் டாக்டர் திவான் சிங்.

1897ஆம் ஆண்டு மே மாதம், இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். பின்னர் மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அது ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். அரசாங்கச் சம்பளம் வாங்கிய இந்த இளைஞரின் நெஞ்சமும் அப்பக்கமே சாய்ந்தது. மேலதிகாரிகளுக்கு இது பிடிக்குமா? இரங்கூனுக்கு மாற்றப்பட்டார். 1927இல் அங்கிருந்து அந்தமானுக்கு வந்து சேர்ந்தார்.

அந்நாளில் அந்தமான் என்றால் கைதிகளின் நாடு. காலாபாணி, அதாவது கரிய நீர், என்ற சொல்லே வடநாட்டில் தாய்மாரைக் கதறவைக்கும். திவான் சிங்கோ அச்சொல்லையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு காலேபாணி என வழங்கப்பெற்றார்! பிறர் தண்டனையாகக் கருதிய ஊரை அவர் தம் ஊராக்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பகலில் மருத்துவமனைப் பணி. எஞ்சிய பொழுதில் ஊர்ப் பணி. 1937இல் எல்லோரும் வந்து வழிபடத்தக்க ஒரு குருத்துவாரத்தை எழுப்பினார். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். அப்பள்ளியில் கற்பித்த மொழிகளுள் தமிழும் தெலுங்கும் இருந்தன என்பர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நம்மவரின் குழந்தைகளுக்கு ஒரு பஞ்சாபி மருத்துவர் எழுத்தறிவிக்க முனைந்தார் என்பதை நினைக்குந்தோறும், இரண்டாண்டுகளுக்கு முன் பெட்டியும் படுக்கையுமாக இங்கே கப்பலிறங்கிய எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

இனி அவரது கவிதை. 1938இல் அவருடைய முதல் தொகுதி வெளிவந்தது. வக்தே பாணி என்பது அதன் பெயர். ஓடும் நீர் என்பது பொருள். நீர் ஓடினால்தான் தெளிவு, தேங்கினால் நாற்றம் என்ற கருத்தை வாழ்க்கைக்கும் சமயத்துக்கும் பொருத்திப் பார்த்தவர் அவர். யாப்பின் கட்டுகளை அவிழ்த்துவிட்டுப் பஞ்சாபியில் எழுதிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். மற்றொருவர் பூரண் சிங். அவர் யார் தெரியுமா? தோக்கியோவில் இரசாயனம் படித்தவர்! ஆக, பஞ்சாபிப் புதுக்கவிதையை வளர்த்த இருவரில் ஒருவர் இரசாயனி, ஒருவர் மருத்துவர். (நம் துறைத் தோழர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.) தமிழிலும் ஏறக்குறைய அதே காலத்தில், வழக்கறிஞரான ந. பிச்சமூர்த்தி மணிக்கொடியில் வசன கவிதை எழுதிக்கொண்டிருந்தார்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை இத்தீவில் இறங்கியது. ஆங்கிலேயர் போனார்கள், விடுதலை வந்தது என்று மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்ற திவான் சிங், மக்களுக்கும் படைக்கும் இடையே நின்று துன்பங்களைக் குறைக்க முயன்றார். படித்தவர் எல்லோரும் ஒற்றர் என்ற ஐயம் ஜப்பானியரைப் பற்றிக்கொண்டது. கொரியப் பெண்களைப் படைவீரர்களின் இச்சைக்கென்று இங்கே கொண்டுவந்தபோது, அவர்களை வைக்கக் குருத்துவாரத்தைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒரு சொல்லில் தலையசைத்திருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம்.

1943 அக்டோபர் 23 அன்று அவரைப் பிடித்துச் செல்லுலார் சிறையில் அடைத்தனர். 82 நாட்கள் சித்திரவதை. தலைமயிரைக் கட்டித் தொங்கவிட்டதும், நெருப்பால் சுட்டதும் விரிவாக எழுதத் தக்கவையல்ல. அந்நாட்களுக்கு இடையேதான், டிசம்பர் 30 அன்று, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இவ்வூரில் மூவண்ணக் கொடி ஏற்றினார். சிறையையும் பார்வையிட்டார்; ஆனால் உள்ளே வதைபட்டுக்கொண்டிருந்த இந்தியர்களை அவர் கண்ணில் காட்டாமல் ஜப்பானியர் மறைத்துவிட்டனர். சில நூறு அடித் தொலைவு அவ்விருவரையும் பிரித்தது.

1944 ஜனவரி 14 அன்று திவான் சிங் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பதினாறு நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுள்ளும் சுதந்திர லீகினர் பலர். எஞ்சிய அவர் கவிதைகள் அந்திம் லஹராங், இறுதி அலைகள், என்ற பெயருடன் 1962இல் அச்சேறின.