கற்பனை மாந்தரிடம் மனம் பறிகொடுத்த கல்கி

தான் செதுக்கிய சிலையின்மீதே காதல் கொண்ட பிக்மேலியன் என்னும் சிற்பியின் கதையைக் கிரேக்கர் சொல்லிவைத்தனர். அது கதையே ஆயினும், எழுத்துத் துறையில் இறங்கியவர்க்கு அதன் உண்மை எளிதில் விளங்கும். ஏட்டில் உருவான பெண்ணொருத்தி, எழுதுகோலைக் கீழே வைத்த பின்னரும் உடன் நடந்து வருவாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த மன்னன் ஒருவன், உண்ணும்போதும் உறங்கும்போதும் நெஞ்சைவிட்டு அகலான். வாழைச்சேனையில் இருந்துகொண்டு சரித்திரக் கதைகள் எழுதிவரும் நானும் இம்மயக்கத்தை அறிவேன். இம்மயக்கத்தில் பல்லாண்டு வாழ்ந்து, அதனைத் தமிழ்கூறும் நல்லுலகம் முழுவதற்கும் ஊட்டியவர் கல்கி.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயருடைய அவர், 1899ஆம் ஆண்டு மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது, 1921இல் பள்ளிப் படிப்பைத் துறந்தார். மறு ஆண்டு சிறை புகுந்தார். பின்னர்த் திரு. வி. க.வின் ‘நவசக்தி’யில் எழுத்துப் பணி பயின்றார். திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் கீழ் மதுவிலக்குப் பத்திரிகையான ‘விமோசன’த்தில் உழைத்தார். 1930களில் ‘ஆனந்த விகட’னின் ஆசிரியராய்ப் பெரும்புகழ் பெற்றார். 1941இல் அதனைவிட்டு விலகி, நண்பர் சதாசிவத்துடன் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அரசியலும் நகைச்சுவையும் இசை விமர்சனமும் அவர் கையில் ஒருங்கே விளங்கின. ஆயினும் அவருடைய உள்ளம் உறைந்த இடம் பல்லவர் கடற்கரையும் சோழர் ஆற்றங்கரையுமே ஆகும்.

‘சிவகாமியின் சபதம்’ பிறந்த வரலாற்றை அந்நூலின் முன்னுரையில் அவரே எழுதியுள்ளார். ரசிகமணி டி. கே. சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்த வேளையில், அவருடைய மனக்கண்முன் அக்கதை மாந்தர் தோன்றலாயினர். மகேந்திரவர்மரும் மாமல்லரும் பரஞ்சோதியும் வரலாறு தந்தவர்கள். ஆயனரும் சிவகாமியும் கற்பனை தந்தவர்கள். ஆனால், மனத்தினுள் குடிபுகுந்த பின்னர் இவ்விரு குலத்தார்க்கும் வேற்றுமை ஏது? ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களை நெஞ்சில் சுமந்திருந்து, கதை முடிந்த பின்னரே அப்பாரம் இறங்கப் பெற்றார். 1944 முதல் 1946 வரை வாரந்தோறும் வெளிவந்த அத்தொடரில், வாதாபிப் போரைவிட ஒரு நடனப் பெண்ணின் துயரமே பெரிதாக நிற்பதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் இப்பித்து இன்னும் வளர்ந்தது. இராஜராஜனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. கல்லில் இருந்த அச்சிறு குறிப்பைக் கொண்டு, குதிரைமேல் வரும் வாணர்குல வீரன் ஒருவனைக் கல்கி உயிர்ப்பித்தார். ஆதித்த கரிகாலனின் கொலையோடு தொடர்புடையோரைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டையும் கதைக்குப் பயன்படுத்தினார். நந்தினியையும் பூங்குழலியையும் தாமே படைத்தார். அதன் பின்னர்த் தமிழர் இல்லங்களிலே வந்தியத்தேவன், அருள்மொழி என்னும் பெயர்கள் குழந்தைகளுக்குச் சூட்டப்பெற்றன. ஆசிரியரின் காதல் வாசகரின் காதலாக மாறியமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கதைக்காக ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு அவர் இலங்கைக்கு வந்து பழைய தலங்களைக் கண்டார். கதையில் ஈழத்திலிருக்கும் இளவரசன் அருள்மொழி, சிதைந்த விகாரைகளைச் செப்பனிடச் செய்கிறான். பிக்குகள் இலங்கை மணிமுடியை அளிக்க முன்வந்தபோது அதனை மறுத்துவிடுகிறான். படிப்போர் உள்ளம் உருகும் இடம் இது. ஆனால், எங்கள் ஊரிலிருந்து அதனைப் படிப்பவனுக்கு வேறொரு நினைவும் உடன் எழும். வாழைச்சேனையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையும் புகையிரதப் பாதையும் சேர்ந்தடைவது பொலன்னறுவையை. அங்கே சோழ அரசியொருத்தியின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. கருங்கல்லில் எழுந்த அச்சிறு கோயிலைக் கண்டு தமிழன் நெஞ்சு நிமிர்வது இயல்பே.

எனினும் சூளவமிசம் கூறுவதையும் நாம் கேட்டாக வேண்டும். இராஜராஜன் அரியணையேறிய பின்னர் அவனுடைய படைகள் வட இலங்கையைக் கைப்பற்றின. அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டில் உயிர்நீத்தான். விகாரைகளின் செல்வங்கள் சூறையாடப்பட்டன என்றும் அந்நூல் சொல்கிறது. பொலன்னறுவைக்குச் செல்லும் பஸ் வண்டியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அதே இளவரசனை நினைக்கையில், ஒருவர் உள்ளத்தில் பெருமிதமும் மற்றவர் உள்ளத்தில் வடுவும் எழக்கூடும்.

கல்கி தம் கதையை எங்கே நிறுத்தினார் என்பது சிந்தனைக்குரியது. தனக்கு வரவிருந்த மணிமுடியை உத்தம சோழருக்கு அருள்மொழி விட்டுக்கொடுக்கும் தியாகத்தில் நிறுத்தினார். படையெடுப்பும் வெற்றியும் அதற்குப் பின்னரே வருகின்றன. காதலித்தவனை அவன் மிக உயர்ந்து நின்ற கணத்தோடு விட்டுப் பிரிதல் காதலர் இயல்பு. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் கல்கி தம் மயக்கத்தை வரலாறு என்று நம்மிடம் விற்கவில்லை. நூலின் முடிவுரையில், கதை மாந்தர் பின்னர் என்னவாயினர் என்று கேட்ட வாசகர்க்கு விடையளித்தார். வரலாற்றுக்கும் புனைகதைக்கும் உள்ள உறவையும் எடுத்துரைத்தார். நெஞ்சைக் கொடுத்தபோதும் கண்ணைக் கொடுக்காத நேர்மை அது.

அத்தொடர் நிறைவுற்ற 1954ஆம் ஆண்டிலேயே, திசம்பர் 5ஆம் நாள், தம் 55ஆவது வயதில் அவர் மறைந்தார். அவருடைய ‘அலை ஓசை’ 1956இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. அதனைக் காண அவர் இல்லை. சரித்திரக் கதை எழுத விழையும் இளைஞர்க்கு அவர் வாழ்வு ஒரு பாடம். மாந்தரை மயங்கும் அளவுக்கு நேசியுங்கள். மயங்காதவன் எழுத்தில் உயிர் இராது. ஆனால், நீங்கள் நேசிக்கும் அரசனின் தேர் எவருடைய வயலின் மீது ஓடியது என்பதையும் ஒருமுறை கேட்டறியுங்கள். பொலன்னறுவைச் சாலையில் வாழும் எங்களுக்கு, அதனைக் கேட்காமல் எழுதுதல் இயலாது.